கண்டக்டரம்மாவின் விசில்

அறுவை அரங்கின் கதவருகே, கண் கூசும் வெள்ளை விளக்கின் கீழ், தள்ளுவண்டியில் படுத்திருக்கிறாள் கண்டக்டரம்மா. இதயம் படபடக்காமலிருக்க நர்ஸ் மாட்டிவிட்ட ஹெட்போனில் புல்லாங்குழல் இழைகிறது. உள்ளே கூப்பிட்டாயிற்று. வண்டிக் கம்பியை விட மனமில்லாமல் நிற்கிறார் கணவர். காலமெல்லாம் அவள் விசிலுக்கு பஸ்ஸை எடுத்த டிரைவர். "கேட்டுட்டே இருங்கம்மா, மனசு லேசாகும்," என்கிறாள் நர்ஸ். "தாலாட்டித் தூங்க வைக்க நான் என்ன பச்சப்புள்ளையா?" ஹெட்போனைக் கழற்றி, குனிந்திருக்கும் கணவரின் கழுத்தில் மாட்டுகிறாள். "இது உங்களுக்குத்தான் வேணும். கம்பியை விடவே மாட்டேங்கறீங்களே." ஊசி ஏறாத கையின் இரு விரல்களை மடித்து வாயில் வைக்கிறாள். நடைகூடமே திரும்பிப் பார்க்க, இரண்டு விசில். டிரைவர் வண்டியை எடுக்கிறார்.