கார்ப்பெட்டில் ஒரு காப்பிக் கறை

“இந்த பிளாஸ்க் யாருது?” என்று மேனேஜர் நெடுஞ்செழியன் கேட்டபோது, ஜெசிந்தாவின் மேசைக்கு முன்னால் கார்ப்பெட்டில் தோசை அகலத்துக்கு ஒரு கறை கிடந்தது. பிளாஸ்க் அவளுடையதுதான். அதில் இருந்ததும் காப்பிதான்.

“அது காலி சார். காலையில பஸ்லயே குடிச்சிட்டேன்.”

மேனேஜர் விடவில்லை. பேண்ட் மடிப்பு கலையாமல் குனிந்து கறையை மோந்து பார்த்து, “காப்பியேதான்” என்று தீர்ப்புச் சொன்னார். போலீஸ் மோப்பப் பிரிவில் இருக்க வேண்டிய மூக்கு, பாவம், மனை விற்கிற கம்பெனியில் வந்து மாட்டிக்கொண்டது.

விழுப்புரத்தில் அந்த அலுவலகத்துக்குக் கார்ப்பெட் வந்தது போன சித்திரையில்தான். முதலாளி தாண்டவராயன் சென்னையில் எங்கோ பார்த்து ஆசைப்பட்டு, சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாகத் தன் அறையிலிருந்து வாசல்வரை போட்டுவிட்டார். “ஒரு சதுரம் கெட்டுப்போனா அத மட்டும் பேத்தெடுத்துட்டு வேற வச்சுக்கலாம்” என்று மனை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். வேறு வைப்பதற்கு உபரியாக ஒரு சதுரம்கூட வாங்கவில்லை என்பதை மட்டும் பேசவில்லை.

கூடவே ஒரு சட்டமும் வந்தது. உள்ளே டீ, காப்பி கூடாது. கறை ஆக்குகிறவருக்கு மறுநாளே கண்டாச்சிபுரம் கிளைக்கு மாற்றல். கிளை என்றால் ஒரு மேசை, ஒரு ஃபேன், துணைக்கு ஒரு பல்லி.

ஜெசிந்தா திண்டிவனத்திலிருந்து தினமும் வந்து போகிறவள். இப்போதே விளக்கு வைத்த பிறகுதான் வீடு. விழுப்புரத்தையும் தாண்டி அந்தப் பக்கம் கண்டாச்சிபுரம் போனால் யு.கே.ஜி. படிக்கும் மகளைத் தூங்கும்போதுதான் பார்க்க முடியும். நினைத்ததும் கோபம் வந்தது.

“சார், சனிக்கிழமை நான் கிளம்பறப்ப இங்க ஒண்ணும் இல்ல. நேத்து ஆபீஸ் லீவு. இன்னிக்கி நான் வர்றதுக்கு முன்னாடியே இது இருந்துச்சே.”

“சனிக்கிழமை கடைசியா போனது நீ. அப்பறம் என்னா, கார்ப்பெட்டு தானா காப்பி போட்டுக் குடிச்சிதா?”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். ஆளைப் பிடித்தாகிவிட்டது என்றார். “நான் வந்துக்கினே இருக்கேன். மாத்தல் ஆர்டர ரெடி பண்ணி வை” என்றது போன்.

முதலாளி வருவதற்குள் கறையை எடுத்துவிட்டால்? ஜெசிந்தா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. மற்ற சதுரங்களில் நூல் படிந்து கிடக்க, இதில் மட்டும் பிசிறு பிசிறாக எழும்பி நின்றது. ஓரமும் பக்கத்துச் சதுரங்களோடு ஒட்டாமல் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. காப்பி வாசனையோடு சோப்புத்தூள் வாசனையும் அடித்தது. மேனேஜரின் மூக்குக்கு அது எட்டவில்லை போலும்.

“சார், இத ஏற்கெனவே யாரோ பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க.”

“யாரோ என்னா யாரோ? நீதான் தேய்ச்சிருப்ப. திருடுனவன் தடயத்த விட்டுட்டா போவான்? சும்மா பேஜாரு பண்ணாம வெந்நி ஊத்து, போயிடும்.”

வெந்நீர் ஊற்றினால் கறை இன்னும் அழுந்திப் பிடித்துக்கொள்ளும் என்று, செல்போனில் அவள் தேடிப் பார்த்த வீடியோவில் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டாள். ஜெசிந்தா எதிர்க்கடையில் வினிகர் வாங்கிவந்து, பச்சைத் தண்ணீரில் கலந்து, பாத்திரம் துலக்குகிற திரவமும் ஒரு சொட்டு விட்டாள். அழுத்தித் தேய்க்கவில்லை. வெள்ளைத் துணியை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தாள். துணி பழுப்பானதும் வேறு துணி, மறுபடி ஒற்றல். முழங்கால் கடுத்தது.

மேனேஜர் தன் பங்குக்கு நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்தார். “ஜல்தி, ஜல்தி. கார் வந்துடுச்சி.”

தாண்டவராயன் வெள்ளை வேட்டி சரசரக்க உள்ளே வந்தார். வந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்மா, இது ஆபீசா, டீக்கடையா? ஒரு ஒழுக்கம் வேணாம்? முதலாளி நானு, நானே இதுக்குள்ள பச்சத்தண்ணி வாயில ஊத்தறதில்ல. உனக்குக் காப்பி கேக்குதா?”

“நான் கொட்டலைங்க ஐயா. சத்தியமா கொட்டல.”

“கொட்டாம கறை எங்கேருந்து வரும்? வானத்துலேருந்தா? செஞ்ச தப்ப ஒத்துக்கற தைரியம் வேணும்மா மனுசனுக்கு.”

“அப்படிக் கேளுங்க ஐயா” என்றார் மேனேஜர். அவர் கையில் மாற்றல் உத்தரவு, கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

“எங்க அது? காட்டு.”

ஜெசிந்தா விரலால் காட்டினாள். ஈரம் இருந்தது. கறை இல்லை.

தாண்டவராயன் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். உள்ளங்கையால் தடவினார். கோபம், ஒழுக்கம் எல்லாம் முகத்திலிருந்து எங்கோ போய்விட்டன. மேனேஜர் நீட்டிய பேனாவைக்கூட அவர் பார்க்கவில்லை. வாயைப் பிளந்தபடி ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னாத்தம்மா போட்டு எடுத்த? நேத்து பூரா என் ரூம்ல குந்திக்கினு தேய்ச்சேன், எனக்குப் போவலியே!”