முதல் டீ

சிறுகடைகளுக்குப் பருவநிலைப் பாடம் நடத்தும் பேசும் பெட்டி ஒன்றை, அரசு அதிகாரிகள் சாத்தூர் சங்கரேஸ்வரியின் டீக்கடையில் வைத்து, அடுப்பை அணைக்கும் அதிகாரத்தையும் அதற்குக் கொடுத்திருந்தார்கள். அது சொன்னபடியே சூரிய அடுப்புக்கு மாறினாள், வாசலில் வேம்பும் வளர்த்தாள்; இரண்டுக்கும் பெட்டி மார்க் போட்டது. கடை திறந்ததும் முதல் டீயை மண்ணுக்கு ஊற்றும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. அதையும் அந்த வேம்பின் அடியில்தான் ஊற்றினாள்.

"இது வீணடிப்பு. மார்க் குறைகிறது. இன்னொரு முறை ஊற்றினால் அடுப்பு அணையும்," என்றது பெட்டி.

"மரத்துக்கு மார்க் போடுற. அதுக்கு ஒரு வாய் குடுத்தா மார்க்கக் குறைக்கிற. நீயெல்லாம் எனக்குப் பாடம் நடத்துற."

இன்னொரு கிளாஸை நிரப்பி, பெட்டியின் கண்ணெதிரே வேரில் ஊற்றினாள். அடுப்பு அணைந்தது.

வேம்பு நிழலில் டீக்காகக் காத்திருந்த லோடுமேன்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

"அவசரமில்லக்கா," என்றார் ஒருவர். "மொதல்ல பெட்டிக்குப் புத்தி வரட்டும்."