மரப்பிடி போட்ட துவக்கு

கிளோறியாவைப் பெண் கேட்க ஸ்கீவ நகருக்கு வந்த றொனிஷன், மேசையில் துவக்கு ஒன்று கிடப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அவளுடைய அப்பா கிறிஸ்துநாயகம், அந்தப் புதுத் துவக்கின் கறுப்புப் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிவிட்டு, பழைய பாணியில் தானே செதுக்கிய வால்நட் மரப்பிடியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

“இரும் தம்பி. என்ன விசயம்?”

“சும்மா... பாத்திட்டுப் போவமெண்டு, அங்கிள்.”

“பிளாஸ்டிக் பிடி தோளிலை சரியா இருக்கேல்லை. அதாலை குறி கொஞ்சம் விலகிப்போச்சு.” அவர் கடைசித் திருகாணியை இறுக்கினார். “இனி விலகாது.”

றொனிஷனுக்கு நாக்கு வறண்டது. என்றாலும் ஓகூஸ் நகரிலிருந்து பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான். “அங்கிள், நானும் கிளோறியாவும் கலியாணம் செய்ய விரும்புறம்.”

கிறிஸ்துநாயகம் எழுந்துவந்து அவனைக் கட்டிப்பிடித்தார். “எனக்குப் பூரண சம்மதம், தம்பி!”

றொனிஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “துவக்கைக் கண்டு பயந்தே போனன், அங்கிள்.”

“எனக்கும் அதைக் கண்டாப் பயம்தான். மரவேலை மட்டும்தான் என்ர. சுடுறது கிளோறியான்ர அம்மா. துவக்குச் சுடுற கிளப்பிலை அவதான் சம்பியன். நீர் இனி அவவைத்தான் கேட்கோணும்.”

அந்நேரம் அறையிலிருந்து வந்த கிளோறியாவின் அம்மா மேரிசெலின், துவக்கைத் தூக்கித் தோளில் வைத்து, மரத்தில் கன்னத்தைப் பதித்து, சுவர் மூலையைக் குறிபார்த்தார்.

“அச்சாவாப் பொருந்துது.” பிறகு அவன் பக்கம் திரும்பினார். “தம்பி என்ன கேட்க வந்தனீர்?”

“ஒரு கிளாஸ் தண்ணி, அன்ரி.”