எட்டாம் பிளாக்குக்குப் பன்னிரண்டு நாள்

"இந்தப் பன்னிரண்டு நாள் எங்கேருந்து வந்தது?"

சீஃப் இன்ஜினீயர் நாராயணஸ்வாமி கம்ப்யூட்டர் தாளை மேஜைமேல் வீசினார்.

எதிரே கல்பகம். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக்குப் புதுக் குடியிருப்பு எழும்புகிறது. எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை, எத்தனை நாள் என்று அட்டையில் துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது அவள்தான். மெஷின் கூட்டிக் கழித்துத் திறப்பு விழாத் தேதியையே சொல்லிவிடும்.

அட்டைகளை அடுக்கும்போதே அவளுக்குக் கண் சொக்கிவிடும். ஏசி குளிரில் நின்றபடி, இன்னும் கட்டாத தெருக்களில் நடப்பாள். முந்நூறு வீட்டிலும் விளக்கு எரியும். யார் வீட்டிலோ ரசம் கொதிக்கும்.

"ஏம்மா, தூக்கத்துல அடிச்சியா?"

"இல்லை சார். தெரிஞ்சுதான் போட்டேன்."

"ஏழாம் பிளாக் முடிஞ்ச மறுநாளே எட்டாம் பிளாக் பாறைக்கு வெடி வைக்கணும். நீ என்னடான்னா பன்னிரண்டு நாள் சும்மா இருங்கறே! ஜி.எம்.கிட்ட நான் என்ன பதில் சொல்றது? உன்னை இந்த செக்ஷனை விட்டே தூக்கிடுவேன்."

அந்த மெஷினை விட்டுவிட்டுப் போவதா? ஆனாலும் கல்பகம் சொன்னாள்.

"பாறையை ஒட்டி எல்லம்மா குடிசை சார். பாலமூர்லேருந்து வந்த சித்தாள். நிறைமாசம். இன்னும் பன்னிரண்டு நாள்னு டிஸ்பென்சரி நர்ஸ் சொல்லியிருக்காங்க. வெடிச் சத்தத்துல ஏதாவது ஆயிட்டா?"

"குடிசையை மாத்திக்கச் சொல்றது."

"சுத்திலும் பாறைதான் சார். எங்கே போவா?"

"ஓஹோ! கம்ப்யூட்டருக்கு எல்லம்மாவைத் தெரியுமோ?"

"தெரியாது சார். அதான் நான் போட்டேன்."

நாராயணஸ்வாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மே மாத வெயிலில் பாறைகள் தூங்கிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு தூளி ஆடியது.

"அந்த அட்டையைக் கொண்டா."

கொண்டுவந்தாள். வாங்கி இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

கல்பகத்துக்கு அழுகை முட்டியது. சே, மனுஷனா இவர்!

"படிச்ச பொண்ணு, கணக்கே தெரியலையே உனக்கு!" என்றார் அவர். "ஜி.எம்.மை நான் பாத்துக்கறேன். குழந்தை பொறந்துட்டா மட்டும் வெடிச் சத்தம் குறைஞ்சிடுமா? போ, தாயும் பிள்ளையும் தேறறவரைக்கும் ஐம்பது நாள்னு புது அட்டை அடி."