இறங்க மறுத்த தக்கை

இக்கதையை 1984 ஆனி மாதம், தெற்குக் கடற்கரையில் மீன் விற்றுவந்த வியாகுலத்தம்மாளிடம் கேட்டுப் பதிவு செய்தேன்.

மழைக்காலம் நெருங்கியதால் ஒரு படகைக் கரையேற்றி, கட்டைகளின்மேல் நிறுத்தினார்கள். மழைநீர் தேங்காமல் வடிய, அதன் அடியிலுள்ள துளையைத் திறந்துவைப்பது வழக்கம். ஆனால் துளையை அடைத்திருந்த தக்கை, உடையவன் எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அவன் சுத்தியல் எடுத்துவரப் போனான்.

"ஏன்டா தம்பி இப்படி அடம்பிடிக்கிற?" என்று படகு கேட்டது.

"பத்து வருஷமா ஒரு சொட்டுத் தண்ணிய உள்ளே விட்டிருக்கேனா அக்கா? இப்போ துளையைத் திறந்துபோட்டுட்டுப் போகச் சொன்னா எப்படி?"

"அது கடல்ல. இங்கே தண்ணி மேலேயிருந்து விழும். நீ போகாட்டி என் பலகையெல்லாம் இத்துப்போகும்."

தக்கையின் குரல் தணிந்தது. "நான் போனப்புறம் வேற ஒருத்தனைச் செருகிட்டா?"

படகு சிரித்தது. "உன் அளவுக்குத் தேஞ்ச துளைடா இது. வேற எவன் வந்தாலும் ஒழுகும்."

உடையவன் திரும்பிவந்து தொட்டதும், சுத்தியலுக்கு வேலை வைக்காமல் தக்கை அவன் உள்ளங்கையில் விழுந்தது. அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.

வடக்கேயுள்ள ஊர்களில் இதைச் சொல்வோர், தக்கை சுத்தியலடிக்கும் அசையவில்லை என்பர். அவர்கள் கதையில் மழைநீர் நிறைந்து படகு இற்றுப்போகிறது. "பாவம், என்னைத் தனியா விட அவனுக்கு மனசு வரல" என்பதே அது கடைசியாகச் சொல்வது.