கட்டைவிரல் உயரும் வரை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து நவம்பர் மழையில், ஆளை ஆள் மோதி வீழ்த்தும் அமெரிக்கக் கால்பந்து நடக்கும் கல்லூரி மைதானத்தின் விளக்குகள் வெளிறி எரிகின்றன. மூன்று பேருக்கு அடியில் நசுங்கிய அறுபத்தொன்றாம் எண் ஆட்டக்காரன் எழவில்லை. அடிபட்டவனுக்கு மரியாதையாக இரண்டு அணிகளும் ஒற்றை முழங்காலில் அமர்ந்திருக்கின்றன. ஆட்டத்தின் இடையிடையே இசையும் விளம்பரமும் போடும் ரசிகர் மகிழ்ச்சிப் பிரிவின் பயிற்சி மாணவி பிரென்னா எல்லைக்கோட்டருகே நிற்கிறாள். அடுத்த மாதம் அவள் படிப்பு முடிகிறது. பிரிவில் காலியிருப்பது ஒரே ஒரு வேலை. காதுக்கருவியில் மகிழ்ச்சிப் பிரிவின் துணை இணை இயக்குநர் ட்ரெண்ட் எரிந்து விழுகிறார். "பல் டாக்டர் விளம்பரம் இன்னும் போகலை. பையன் கட்டைவிரலைத் தூக்கினானா இல்லையா?" தூக்கிச் செல்லப்படுகிறவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் கூட்டம் கைதட்டும், பிறகு எந்த விளம்பரத்தையும் போடலாம், இங்கே மரியாதை என்பது அவ்வளவுதான். "இன்னும் இல்ல, ட்ரெண்ட்." "வேலை வேணும்னா கண்ணை நல்லாத் திறந்து பாரும்மா." அடிபட்டவனை ஏற்றிய மருத்துவ வண்டி அவளைக் கடக்கிறது. பட்டைகளால் இறுக்கிய உடம்பிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே தொங்குகிறது. விரல் நுனியில் மழை சொட்டுகிறது. "தூக்கிட்டான்," என்கிறாள் பிரென்னா. துள்ளல் இசை வெடிக்கிறது. ராட்சதத் திரையில் பல் டாக்டரின் 'இன்றைய சிறந்த புன்னகை' என்ற, வெண்பற்கள் வரைந்த படச்சட்டம் விரிந்து, காலி இருக்கைகளைத் துழாவி, அறுபத்தொன்று என்று எழுதிய சட்டையணிந்த ஒரு தாயின் முகத்தில் போய் நிற்கிறது. அவள் வாய் அகலத் திறந்திருக்கிறது. தூரத்திலிருந்து சிரிப்பதுபோலத்தான் தெரிகிறது. மிச்சமிருக்கும் கூட்டம் கைதட்டுகிறது.