பெரிய டிரம்

"டிரம் இல்லைங்க மேஸ்திரி. குடம்தான் இருக்கு. அதுவும் வீட்டுக்கு ரெண்டுதான்."

பிளாஸ்டிக் கடைக்காரர் திரும்பத் திரும்ப அதையே சொல்ல, மேஸ்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

செங்கல்லோ மணலோ, எதை வாங்கினாலும் சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பிக்கிற ஆள் அவர். இன்றைக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக விலையை மேலே ஏற்றிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்படியும் கடைக்காரர் மசியவில்லை. இனிமேல் கட்டிட வேலைக்கு ஒரு வாளிகூட இங்கே வாங்கப்போவதில்லை என்று மிரட்டியும் பார்த்தார். அதற்கும் ஒரு தலையாட்டல்தான்.

தெருக்குழாய் காய்ந்துபோய், லாரித் தண்ணீரில் பிழைப்பு ஓடுகிறது. மேஸ்திரி வீடு முதல் வீடு. லாரி அங்கே நின்று, வாசலில் வைத்த பாத்திரங்களை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்கு நகரும். என்ன பிரயோசனம்? பிடித்து வைக்கப் பாத்திரம் போதவில்லை. போதாக்குறைக்கு மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். குளிக்கப் போனால் தெரிந்த பாட்டெல்லாம் பாடி முடித்துத்தான் வெளியே வருவார். நேற்று வேலையிலிருந்து வந்த மேஸ்திரி, சிமென்ட் கையோடு சாப்பிட உட்கார்ந்தார்.

"சும்மாவா கேக்கறேன்? ரெட்டை விலை தர்றேன்னுதானேய்யா சொல்றேன்?"

"இல்லாததை எங்கிருந்து எடுத்துத் தர்றதுங்க?"

அந்த நேரம் பார்த்து அடித்த காற்றில், கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையின் தார்ப்பாய் விலகியது. உள்ளே கூரை முட்ட நீல டிரம்கள்.

மேஸ்திரி பார்த்துவிட்டார். நேராகத் தெருக்கோடிக்கு நடந்தார். கடைசி வீட்டு அக்கா, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரை வைத்துக்கொண்டு தண்ணீருக்குத் திண்டாடுகிறவர். சாட்சிக்கு அவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஊரே தவிக்கும்போது ஒருத்தன் இப்படிச் செய்யலாமா, வந்து நீங்களே நியாயத்தைக் கேளுங்கள் என்று கையோடு அழைத்து வந்தார்.

தார்ப்பாயை மேஸ்திரியே இழுத்துத் தள்ளினார்.

"பாத்தீங்களாக்கா? விலை ஏறட்டும்னு பதுக்கி வெச்சிருக்கான். வாய் கூசாம இல்லைங்கறான். இவனை என்ன பண்ணலாம், சொல்லுங்க."

கடைக்காரர் ஒரு குடத்தை எடுத்து, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா டிரம்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தார்ப்பாயை எடுத்து, பழையபடி மூடி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இவர் இதை விக்காம வெச்சிருக்கறதாலதான் மேஸ்திரி, எங்க வாசல் வரைக்கும் லாரியில தண்ணி மிஞ்சுது."